மழைக்கு முன் மேல்தளச் சோதனை

விதை நெல் வாங்கும் குடியானவர் ஒரு பிடியைக் கையில் அள்ளி, பதரும் கலப்பும் உண்டா என்று பார்த்த பின்னரே விலை பேசுகிறார். உழவு மாடு வாங்குகையில் பல்லையும் குளம்பையும் பார்க்கிறார். கிணற்றில் மோட்டார் வைக்குமுன் கோடையில் ஊற்று எவ்வளவு நிற்கும் என்று விசாரிக்கிறார். இவ்வளவு கவனமுள்ள அவரே, தம் பெண்டு பிள்ளைகளும் ஒரு வருஷத்து விளைவும் எந்தத் தளத்தின் கீழ் இருக்கின்றனவோ அத்தளத்தைக் காரை உதிர்ந்து விழும் வரையில் நிமிர்ந்து பார்ப்பதில்லை. உதிர்ந்த பின்பும் கொத்தனாரை அழைத்து, அவ்விடத்தைப் பூசி வெள்ளையடித்துவிட்டால் காரியம் முடிந்ததென்று எண்ணுகிறார். உண்மையில் அப்பூச்சினால் ஆபத்து நீங்குவதில்லை. கண்ணுக்குப் படாமல் மறைகிறது, அவ்வளவே.

சென்னைக்கு வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வழியாகச் செல்லும் கடலோரப் பகுதியில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் நெருங்கி இருக்கின்றன. அதற்கு அடுத்தாற்போல் மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் நெல் விளையும் கிராமங்கள் உள்ளன. இவ்விரு பகுதிகளிலும் ஓலைக் கூரைகள் குறைந்து, கம்பி வைத்த காங்கிரீட் தளங்கள் பெருகியிருக்கின்றன. ஓலை மக்கினால் கண்ணுக்குத் தெரியும். சில வருஷங்களுக்கொருமுறை அதை மாற்றி வேய்வது வழக்கம். காங்கிரீட் தளமோ கல்லைப் போன்றது, அதற்கு அழிவில்லை என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் தவறென்பதை இப்பகுதியிலேயே நடந்த நிகழ்ச்சி ஒன்று தெளிவாகக் காட்டுகிறது.

திருவொற்றியூரில் நடந்தது

திருவொற்றியூர் அரிவாக்குளம் பகுதியில் 1993-ம் வருஷத்தில் அப்போதைய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியத்தார் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டினர். பல கட்டடங்களாகப் பிரிந்த அக்குடியிருப்பில் மொத்தம் 336 வீடுகள் இருந்தன. 2021-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி இரவில், 24 வீடுகள் அடங்கிய ஒரு கட்டடத்தில் வெடிப்புகள் தோன்றியதை அங்கிருந்தோர் கவனித்தனர். ஆபத்தை உணர்ந்து எல்லோரும் வீடுகளை விட்டு வெளியேறினர். மறுநாள் 27-ந் தேதி முற்பகலில் அக்கட்டடம் அடியோடு இடிந்து விழுந்தது. ஓர் உயிர்கூடச் சேதமாகவில்லை. ஆயினும் 24 குடும்பத்தார் பாத்திரம், துணிமணி, பிள்ளைகளின் புத்தகம் முதலிய யாவற்றையும் இடிபாட்டில் இழந்தனர். சர்க்கார் குடும்பத்திற்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் உதவித்தொகை அளித்தது.

அதற்குப் பத்து நாட்களுக்கு முன்பு, அதே மாதம் 17-ந் தேதி, திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். அதன் பின்னர் ராஜ்யமெங்கும் பழைய பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து, பழுதானவற்றை இடிக்குமாறு உத்தரவாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்க்கையில் இரண்டு விஷயங்கள் விளங்கும். முதலாவது, திருவொற்றியூர்க் கட்டடத்துக்கு வயது 28 மட்டுமே. ஒரு தென்னை காய்ப்பு ஓயும் காலத்துக்குள், அல்ல, அதன் நல்ல காய்ப்புப் பருவத்திலேயே அக்கட்டடத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. இரண்டாவது, கட்டடம் சில சமயம் முன்னறிவிப்புக் கொடுக்கிறது. சில சமயம் அவ்வறிவிப்பைக் கவனிக்க ஆளிருப்பதில்லை. திருவொற்றியூரில் வெடிப்பு தோன்றிய வேளையில் ஜனங்கள் விழித்திருந்தனர். நடுநிசியில் எல்லோரும் தூங்கும்போது தோன்றியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாயிருக்கிறது. கடைசி இரவில் தெரியும் வெடிப்பை நம்பியிராமல், பல வருஷங்களுக்கு முன்பே தொடங்கும் கேட்டைக் கண்டறிவதற்காகவே இஞ்சினீயரின் சோதனை வேண்டியிருக்கிறது.

கடற்காற்றும் இரும்பும்

காங்கிரீட் தளத்தின் பலம் இரண்டு பொருள்களைச் சார்ந்தது. அமுக்கத்தைக் காங்கிரீட் தாங்குகிறது; இழுப்பை உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பி தாங்குகிறது. அறையின் மேலுள்ள தளத்தில் இழுப்பு பெரும்பாலும் அடிப்பாகத்தில் உண்டாவதால், முக்கியமான கம்பிகள் தளத்தின் அடிப்புறத்தை ஒட்டியே வைக்கப்படுகின்றன. அக்கம்பி கெட்டால் காங்கிரீட் எவ்வளவு கெட்டியாயிருந்தும் பயனில்லை.

புதிய காங்கிரீட் கடுங்காரத் தன்மை உடையது. அக்காரம் கம்பியின்மேல் மெல்லிய காப்பு ஒன்றை உண்டாக்கித் துருப்பிடிக்காமல் காக்கிறது. இக்காப்புக்கு இரண்டு விரோதிகள் உண்டு. ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு. அது நுண்ணிய துவாரங்களின் வழியே வருஷத்துக்குச் சிறிது சிறிதாக உட்புகுந்து காரத்தைக் குறைக்கிறது. மற்றொன்று உப்பு. கடற்காற்றில் மிதந்து வரும் உப்பு, காரம் குறையாத இடத்திலும் காப்பைத் துளைத்துக் கம்பியைத் தாக்கும். திருவொற்றியூர், எண்ணூர்க் கரையில் உள்ள வீடுகளுக்கு இரண்டு விரோதிகளும் ஒருங்கே வாய்த்திருக்கின்றன. கடலோ, கழியோ அருகிலுள்ள ஊர்களில் கரிப்பு நீரைக் கொண்டு காங்கிரீட் கலப்பதும், கழிமுகத்து மணலைக் கழுவாமல் சேர்ப்பதும் உண்டு. அப்படிக் கட்டிய தளத்தில் விரோதி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. பிறந்த நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது.

இரும்பு துருவாகும்போது பருமன் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரையில் பெருகக் கூடும். பெருகும் துரு, தன்னை மூடியிருக்கும் காங்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. முதலில் கம்பியின் நெடுக நேர்கோடாக ஒரு கீறல் தோன்றும். பிறகு பழுப்புக் கறை கசியும். பின்னர் அப்பாகம் பொருக்காகப் பெயர்ந்து விழும். ஆகவே, காரை உதிர்வது நோயின் ஆரம்பமன்று. உள்ளே நெடுநாள் வளர்ந்த நோய் வெளிப்படும் நிலையாகும்.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையேயுள்ள காங்கிரீட்டின் கனத்தை 'மூடல்' என்பர். இக்கனம் குறைந்தால் உப்பு விரைவில் கம்பியை எட்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 456 என்னும் விதியின் 2000-ம் வருஷப் பதிப்பு, உள்நாட்டில் மழைக்கு ஒதுங்கிய இடத்துக்கு 20 மில்லிமீட்டரும், கடலோரத்தில் உப்புக் காற்றுக்கு ஒதுங்கிய இடத்துக்கு 30 மில்லிமீட்டரும், கடலோரச் சூழலுக்கு நேரே உட்படும் இடத்துக்கு 45 மில்லிமீட்டரும் மூடல் வேண்டுமென்கிறது. அதற்கு முந்திய 1978-ம் வருஷப் பதிப்பில் தளத்துக் கம்பிக்குரிய குறைந்த மூடல் 15 மில்லிமீட்டராயிருந்தது; கடுமையான இடங்களில் இன்னும் கூட்ட வேண்டும் என்று அதிலும் சொல்லப்பட்டிருப்பினும், பல வீடுகளில் குறைந்த அளவோடு நிறுத்திவிட்டனர். எனவே 2000-க்கு முன்பு கடலருகில் கட்டிய தளங்களை முதலில் சோதிப்பது தகும்.

இங்கே விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்ற உரமும் குளோரைடு உப்பே. அம்மூட்டைகளைத் தூணோடும் சுவரோடும் சாய்த்து வைத்தால், ஈரக்காலத்தில் கசியும் உப்புநீர் தூணின் கம்பியை அரிக்கும். கடலோரத்தில் மொட்டை மாடியில் கருவாடு உலர்த்துவதனாலும் இதே தீங்கு நேரும். உரத்தை மரப்பலகைகளின் மேல் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குவதும், கருவாட்டைத் தளத்தின்மேல் நேரே பரப்பாமல் பரண் கட்டி உலர்த்துவதும் நல்லது.

பழைய மரக்கட்டைத் தளங்கள்

இராயபுரத்துப் பழைய தெருக்களிலும் பொன்னேரி வட்டாரத்துப் பழைய வீடுகளிலும் 'மெட்ராஸ் தளம்' என்று பெயர் பெற்ற மச்சுகளைக் காணலாம். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக இட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் குத்தலாக மூலைவாட்டில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்து முடிப்பது இதன் முறை. இரும்பே இல்லாமையால் உப்புக் காற்று இதை அவ்வளவாகத் தாக்குவதில்லை. நன்கு பேணப்பட்டால் நூறு வருஷத்துக்கு மேலும் நிற்கும். 1856-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையக் கட்டடம் இன்றும் நிற்பது, பழைய கட்டடம் பராமரிப்பினால் நெடுநாள் நீடிக்கும் என்பதற்கு அருகிலேயே உள்ள சான்று.

எனினும் மெட்ராஸ் தளத்துக்கும் ஒரு மர்ம ஸ்தானம் உண்டு. கட்டையின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடமே அது. ஒழுகும் நீர் அங்கே தங்குகிறது. கறையானும் அங்கேதான் ஏறுகிறது. நடுப்பாகம் உருக்குப்போல் இருக்க, நுனி மட்டும் பொடியாகிவிடும். கீழிருந்து பார்ப்போருக்குக் கட்டை புதிதாகவே தோன்றும். இஞ்சினீயர் நுனிக்கருகில் துறப்பணத்தால் சிறு துளையிட்டு வரும் தூளைப் பார்த்தும், சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டும் இதைக் கண்டுகொள்கிறார்.

தளத்தின்மேல் ஏறும் பாரம்

தளம் கெடுவதற்குத் துரு ஒன்றே காரணமன்று. வீட்டுக்காரரே அறியாமல் ஏற்றும் பாரமும் காரணமாகும். பத்தடிக்குப் பத்தடி உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் 5 அங்குலக் கனமுள்ள காங்கிரீட் தளத்தின் சொந்த எடையே ஏறக்குறைய 3 டன். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ வீதம் மேற்பாரம் கணக்கிடுவது வழக்கம். இவ்வறைக்கு அது சுமார் 1,400 கிலோ ஆகும். இதைவிட எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்போம்.

ஒழுக்கை நிறுத்துவதற்காகப் பழைய ஜல்லிக் காரையின்மேல் மேலும் 4 அங்குலம் ஜல்லிக் காரை போட்டால் கூடும் பாரம் சுமார் ஒன்றே முக்கால் டன். மழைநீர்க் குழாய் இலையால் அடைபட்டு, கைப்பிடிச் சுவருக்குள் 4 அங்குலம் நீர் தேங்கினால் 900 கிலோவுக்கு மேல். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிரம்பினால் ஒரு டன், அதுவும் ஒரே இடத்தில். அறுவடைக் காலத்தில் மழைக்கு அஞ்சி உலர்ந்த நெல்லை மாடியில் ஓரடி உயரத்துக்குக் குவித்தால் சுமார் 1,600 கிலோ. நெல்லை மெல்லப் பரப்பி உலர்த்துவதில் தீங்கில்லை. குவிப்பதும் மூட்டையாக அடுக்குவதுமே தீங்கு.

இவற்றுள் மிகவும் பரவலான தவறு, ஒழுக்குக்குப் பரிகாரமாகக் காரைமேல் காரை போடுவது. பத்து வருஷத்துக்கொருமுறை இவ்வாறு செய்த வீடுகளில் இரண்டு மூன்று அடுக்குக் காரை இருக்கும். ஒழுகிய நீரால் அடிக்கம்பி மெலிந்திருக்க, மேற்பாரமோ கூடிக்கொண்டே போகிறது. கிழ எருதின்மேல் வருஷந்தோறும் ஒரு மூட்டை கூட்டி ஏற்றுவது போன்றது இது. பழைய காரையை முற்றும் பெயர்த்த பின்னரே புதிதாகப் போட வேண்டும்.

இஞ்சினீயர் செய்யும் சோதனை

கொத்தனார் அனுபவசாலி, பூச்சு வேலையிலும் ஒழுக்கை அடைப்பதிலும் அவர் உதவி இன்றியமையாதது. ஆயினும், தளம் இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது வேறு வித்தை. கட்டட அமைப்பில் தேர்ந்த இஞ்சினீயர் பின்வரும் முறையில் சோதிக்கிறார்.

முதலில் கட்டடத்தின் வயது, வரைபடம், இடையே செய்த மாறுதல்கள் ஆகியவற்றை விசாரிக்கிறார். கீழ்ச்சுவர் ஏதேனும் எடுக்கப்பட்டதா, மாடி கூட்டப்பட்டதா என்பன இதில் அடங்கும். பிறகு ஒவ்வொரு வெடிப்பின் போக்கையும் அகலத்தையும் அளந்து படத்தில் குறிக்கிறார். பூச்சு மட்டும் காய்ந்து விட்ட மயிரிழைக் கீறலுக்கும், உத்திரத்தில் சாய்வாக ஓடும் வெடிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் அறிவார். முன்னதை வருஷக்கணக்கில் விட்டுவைக்கலாம். பின்னதை ஒரு நாளும் விட்டுவைக்கலாகாது. நூல் கட்டித் தளத்தின் தொய்வையும் அளக்கிறார்.

அடுத்து, சுத்தியலால் தளத்தின் அடிப்புறம் முழுவதையும் தட்டிப் பார்க்கிறார். கெட்டியான இடம் கணீரென்றும், உள்ளே பெயர்ந்துபோன இடம் பொள்ளென்றும் ஒலிக்கும். இது முற்றிய தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போன்றதே. பின்னர் வில்விசைச் சுத்தியல் ஒன்றைக் காங்கிரீட்டில் அழுத்தி, அது எவ்வளவு எதிர்த்துத் துள்ளுகிறது என்பதைக் கொண்டு மேற்பரப்பின் உறுதியை மதிப்பிடுகிறார். காதுக்கு எட்டாத ஒலியலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செலுத்தி, அதன் வேகத்தினால் உட்புறப் பொந்துகளைக் கண்டறிவதும் உண்டு. இக்கருவிகளுள் ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. பலவற்றையும் ஒப்பிட்டே முடிவு செய்யப்படுகிறது.

காரம் எவ்வளவு ஆழம் குறைந்துள்ளது என்பதை அறிய எளிய இரசாயன முறை ஒன்று உண்டு. புதிதாகப் பெயர்த்த காங்கிரீட்டின்மேல் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரமுள்ள பாகம் ரோஜா நிறமாக மாறும். காரம் போன பாகம் நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியை எட்டிவிட்டதானால் காப்பு நீங்கிவிட்டது என்று பொருள். உப்பின் அளவை அறியத் துளையிட்ட தூளைச் சோதனைச்சாலைக்கு அனுப்புகின்றனர். கம்பியைச் சில இடங்களில் திறந்து, துருவைச் சுரண்டி, எஞ்சிய பருமனையும் அளக்கின்றனர். இவ்வளவுக்கும் பிறகே எஞ்சியுள்ள பலத்தைக் கணக்கிட முடியும்.

சோதனையின் பயன் பயமுறுத்துவது மட்டுமன்று. இடிக்க வேண்டுமென்று வீட்டுக்காரர் அஞ்சிய தளம் பூச்சுக் கோளாறே என்று தேறுவதுமுண்டு. அப்போது வீண் செலவு மிஞ்சுகிறது. துரு ஆரம்ப நிலையிலிருந்தால், கெட்ட காங்கிரீட்டை நீக்கி, கம்பியைத் துலக்கி, தேவையான இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, தகுந்த கலவையால் மூடிப் பல வருஷங்கள் நீடிக்கச் செய்யலாம். முற்றிவிட்டதாயின் இடித்துக் கட்டுவது தவிர வேறு வழியில்லை. எந்த நிலை என்று அறிவதற்குக் கொடுக்கும் கூலி, இடித்துக் கட்டும் செலவில் சிறு பாகமே.

அறிக்கை பெட்டியில் உறங்கலாகாது

சோதித்தால் மட்டும் போதாது, சொன்னபடி செய்யவும் வேண்டும் என்பதற்கு அயல்நாட்டில் நடந்த ஒரு பெருந்துயரம் உதாரணம். அமெரிக்காவில் புளோரிடா கடற்கரையிலுள்ள சர்ப்சைடு என்னும் ஊரில் 1981-ம் வருஷத்தில் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு ஒன்று, 2021-ம் வருஷம் ஜூன் மாதம் 24-ந் தேதி பின்னிரவில், பெரும் பாகம் இடிந்து விழுந்தது. 98 பேர் மாண்டனர். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன், 2018-ம் வருஷத்திலேயே, இஞ்சினீயர் ஒருவர் அக்கட்டடத்தைச் சோதித்து, நீச்சல் குளத்தைச் சூழ்ந்த தளத்தில் நீர் வடியாமல் தேங்குவதனால் அதன்கீழுள்ள காங்கிரீட்டுக்குப் பெருஞ்சேதம் நேர்ந்திருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். செலவைப் பற்றியும் அதை யார் எவ்வளவு பகிர்வது என்பதைப் பற்றியும் குடியிருப்போரிடையே வாதம் நீண்டது. அச்சேதத்தைச் செப்பனிடும் வேலை தொடங்குமுன்பே கட்டடம் விழுந்துவிட்டது.

திருவொற்றியூரில் அறிக்கை இல்லாமலே வெடிப்பைக் கண்டு ஓடியவர்கள் பிழைத்தனர். சர்ப்சைடில் அறிக்கை கையிலிருந்தும் பலர் மாண்டனர். கூட்டுக் குடும்பத்துப் பொதுவீடு, பங்காளிகளுக்குப் பொதுவான களஞ்சியம், ஊர்ப்பொதுக் கட்டடம் ஆகியவற்றில் இதே தொல்லை நேர்வதைக் கிராமங்களிலும் காணலாம். பங்குப் பிரிவினை தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் துரு அதற்காகக் காத்திராது. பாகம் எப்படிப் பிரிந்தாலும் தளத்தின் பழுதுச் செலவை முதலில் பொதுவில் எடுத்து வைப்பது விவேகம்.

வீட்டுக்காரர் தாமே கவனிக்க வேண்டியவை

இஞ்சினீயரை அழைக்குமுன் வீட்டார் தாமே கவனிக்கக் கூடிய குறிகள் வருமாறு:

1. தளத்தின் அடியில் கம்பியின் போக்கில் நேர்கோடாகத் தோன்றும் கீறலும் பழுப்புக் கறையும்.

2. வெள்ளையடித்த பின்னும் திரும்பத் திரும்பத் தோன்றும் ஈரத்திட்டும் உப்புப் பூப்பும்.

3. உத்திரத்தின் ஓரத்திலும் தூணின் தலைப்பிலும் சாய்வாக ஓடும் வெடிப்பு.

4. முன்பு தடையின்றித் திறந்த கதவு, சன்னல்கள் காரணமின்றி இறுகுதல். தளம் நடுவில் தொய்ந்து காணுதல்.

5. சன்னல் மேலுள்ள மழைத்தடுப்புப் பலகை முன்பக்கம் தாழ்தல்.

வெடிப்பு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய ஒரு பழைய முறை உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்பின் குறுக்கே வைத்து, இரு நுனிகளையும் சிமெண்டினால் ஒட்டி, அருகில் தேதியை எழுதி வைக்க வேண்டும். வெடிப்பு சிறிது விரிந்தாலும் கண்ணாடி முறிந்துவிடும். முறிந்தால் அன்றே இஞ்சினீயருக்குத் தெரிவிக்க வேண்டும். வெடிப்பு கண்ணெதிரே விரிந்தாலும், நெறியும் ஓசை கேட்டாலும், காரை தொடர்ந்து உதிர்ந்தாலும், சோதனைக்குக் காத்திராமல் மனிதரும் மாடுகளும் உடனே வெளியேற வேண்டும். சாமான்களை எடுக்கத் திரும்பிப் போகலாகாது.

பலவீனமான தளத்துக்குச் சவுக்குக் கழிகளால் முட்டுக் கொடுப்பது தற்காலிகப் பாதுகாப்பாகும். இக்கரையோரத்தில் சவுக்கு எளிதில் கிடைக்கும். ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு நெருக்கமாக என்பதை இஞ்சினீயர் சொற்படியே செய்ய வேண்டும். தளத்தின் இழுப்பு எங்கே என்று அறியாமல் கண்ட இடத்தில் இறுக்கி முட்டுக் கொடுப்பதனால் புதிய வெடிப்பு உண்டாவதுமுண்டு.

யாரை, எப்போது அழைப்பது

பள்ளிக்கூடம் முதலிய பொதுக் கட்டடங்களுக்குத் தமிழ்நாட்டில் 1965-ம் வருஷத்துப் பொதுக் கட்டட லைசென்ஸ் சட்டம் இருக்கிறது; கட்டடம் உறுதியாயிருப்பதாக இஞ்சினீயர் கொடுக்கும் சான்று அதற்கு வேண்டியிருக்கிறது. மும்பை நகரில் 30 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை, குடியிருப்புகள் உள்பட, சோதித்துச் சான்று பெற வேண்டுமென்று நகராட்சிச் சட்டமே விதிக்கிறது. கிராமத்து வீட்டுக்கும் களஞ்சியத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் இவ்வாறு கேட்டு வருவோர் எவருமில்லை. ஆகவே அவ்விஷயத்தில் வீட்டுக்காரரே தமக்கு அதிகாரியாக இருக்க வேண்டும்.

கட்டட அமைப்பு இஞ்சினீயர்கள் உள்ளாட்சி மன்றங்களில் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு 2019-ம் வருஷத்துக் கட்டட விதிகளில் இருக்கிறது. நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் விசாரித்துப் பதிவு பெற்றவரை அழைப்பது நல்லது. நான்கு பேர் சேர்ந்து ஒரே நாளில் நான்கு வீடுகளைச் சோதிக்கச் செய்தால் போக்குவரத்துச் செலவு குறையும். முடிவை வாய்மொழியாகக் கேட்டுக்கொள்ளாமல், தேதியிட்டுக் கையெழுத்திட்ட அறிக்கையாகப் பெற வேண்டும். தளம் இப்போது பாதுகாப்பானதா, எந்தப் பழுதை எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும், மறுசோதனை எப்போது என்னும் மூன்றும் அதில் தெளிவாக இருத்தல் வேண்டும்.

கடலோரத்தில் 20 வருஷத்துக்கு மேற்பட்ட தளங்களை ஒருமுறை முழுதும் சோதிப்பதும், பின்னர் இஞ்சினீயர் குறித்த கெடுவில் மறுபடியும் பார்ப்பதும் உசிதம். காலத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கெங்கே ஒழுகியது என்பதைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வைத்து, தை அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும்போது இஞ்சினீயரை அழைப்பது பொருத்தமாயிருக்கும். அப்போது ஈரக்குறிகளும் மறைந்திரா. மாசி முதல் ஆனி வரையில் பழுதுவேலையை முடிக்கலாம். புரட்டாசியில் மாடியைக் கூட்டி, மழைநீர்க் குழாய்களைத் துப்புரவு செய்து, நீர் எங்கும் தேங்காமல் ஓடுகிறதா என்று ஒரு குடம் நீரை ஊற்றிப் பார்த்தால் மழைக்கு முன் செய்ய வேண்டியது முடிந்ததாகும்.

2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலும், 2023-ம் வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் பெருமழையும் சென்னையின் வடபாகத்தை எவ்வாறு வருத்தின என்பதை ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் வெளியே போக வழியில்லை. தலைக்கு மேலுள்ள தளம் ஒன்றே துணை. அத்துணை நம்பத்தக்கதா என்று அன்றிரவு ஆராய்வதில் பயனில்லை. அரிவாக்குளத்து 24 குடும்பத்தாருக்குக் கடைசி நேரத்தில் ஒரு வெடிப்பு எச்சரிக்கை கொடுத்தது. எல்லாத் தளங்களும் அவ்வாறு சொல்லிவிட்டு விழும் என்பதற்கு உறுதி இல்லை. கேட்காமலே சொல்லும் என்று காத்திராமல், கேட்டறியும் வித்தை தெரிந்தவரை அழைத்துக் கேட்பதே தக்கது.